ஆனி மாதத்தில் விட்டுப்போன ஒரு சுற்று

அந்தத் தீபத்தன்று மதியம் எங்கள் வீட்டு வாசலில் அறுபத்தொரு செருப்பு கிடந்தது. ஜோடிக் கணக்கு வராததால் மறுபடியும் எண்ணினேன். அறுபத்தொன்றுதான். ஒற்றைச் செருப்போடு யாரும் வந்து இறங்கவில்லை. ஒன்றைக் குரங்கு தூக்கிப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் கிணற்றில் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் முந்தைய ஆண்டுகளில் நடந்தவைதான்.

கோயிலுக்கு நாலு தெரு தள்ளி, மலையை மறைக்காத மொட்டை மாடியோடு ஒரு வீட்டில் குடியிருந்தால் இதெல்லாம் வரும். ஆண்டில் முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் எங்களுக்கு அளவான உறவினர்கள்தான். கொடி ஏறிவிட்டால் பத்து நாளைக்கு ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் நான் கேள்விப்பட்டிராத சித்தப்பாக்கள் பையோடு வந்து இறங்குவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அந்தத் தீபத்துக்கு வீட்டில் முப்பது பேர், குளியலறை ஒன்று. ஆளுக்கு ஏழு நிமிடம் என்று அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினேன். போளூர்ப் பெரியவர் ஒருவர் முப்பத்தெட்டு நிமிடம் உள்ளே இருந்தார். வெளியே வந்து அட்டவணையை நிதானமாகப் படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே போனார்.

மாலை நான்கு மணிக்கே எல்லாரும் மாடிக்கு ஏறிவிடுவார்கள். மலையில் தீபம் ஆறு மணிக்குத்தான். அதைப் பார்த்து வீட்டில் விளக்கேற்றிய பிறகுதான் பொரி உருண்டை, அடை எல்லாம். அதுவரை பாதிப் பேர் விரதம். பசித்த முப்பது பேரை இரண்டு மணி நேரம் ஒரு மாடியில் அமைதியாக வைத்திருப்பது சுலபமில்லை. எழுபதுகளின் நடுவில் ஓர் ஆண்டு, கைப்பிடிச் சுவரோர இடத்துக்காக என் மைத்துனர்கள் இருவர் கைகலப்புக்குத் தயாரானார்கள். அவர்களைத் திசைதிருப்ப, அந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்தவற்றை எண்ணிக்கையோடு சொல்ல ஆரம்பித்தேன். சிரித்தார்கள். மறு ஆண்டு அவர்களே கேட்டார்கள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. தீபத்துக்குத் தீபம் ஓர் ஆண்டு என்று வைத்துக்கொண்டு நான் வாசிப்பேன்.

நான் நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். தினமும் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் முந்தைய நாள் விவரத்தை இரண்டு வரி குறித்து, அலுவலகத்தில் செய்வதுபோல் கம்பியில் குத்தி வைப்பேன். தீபத்துக்கு முந்தைய ஞாயிறு கம்பியை உருவிப் போட்டு உட்கார்ந்து கூட்டுவேன். என் மனைவிக்கு இதில் மரியாதையும் எரிச்சலும் சம அளவில் உண்டு. வீட்டில் எதை எண்ண வேண்டியிருந்தாலும் அவள் எண்ணுவதில்லை. என்னிடம் விட்டுவிடுவாள்.

அந்த ஆண்டின் தாள்களை எங்கள் மூத்த பெண்ணே பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பெண் பார்க்க ஏழு குடும்பங்கள் வந்து போயின. நூற்று நாற்பத்திரண்டு பஜ்ஜி போயிற்று. ஒரு நல்ல பதிலும் வரவில்லை. ஏழாவது குடும்பம் போன அன்று அவள் பட்டுச் சேலையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, இனிமேல் யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அன்றைய தாளில் நான் எதுவும் எழுதவில்லை.

அடுத்த வாரம் என் மனைவி வேண்டிக்கொண்டாள். பன்னிரண்டு பௌர்ணமி, வெறுங்காலோடு மலையைச் சுற்றுவாள். அதற்குள் பெண்ணுக்கு இடம் அமைய வேண்டும். அமைந்தாலும் பன்னிரண்டு சுற்றும் முடிந்த பிறகுதான் நிச்சயத் தட்டு மாற்றுவாள். மார்கழியில் ஆரம்பித்தால் கார்த்திகையோடு பன்னிரண்டு முடியும் என்று நான் விரல் விட்டுச் சொன்னேன். சரி என்றாள். துணைக்கு நானும் போனேன். சுற்று பதினான்கு கிலோமீட்டர், என் கால் அளவுக்கு இருபதாயிரத்துச் சொச்சம் அடி. இப்போதுபோல் கூட்டமும் விளக்கும் அன்று கிடையாது. முள்ளும் சரளைக்கல்லும் தாராளமாக இருந்தன. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலில் ஏறிய முள்ளை ஊசியால் எடுப்பது என் பொறுப்பு. எடுத்ததை எண்ணி எழுதுவதும் என் பொறுப்பு.

ஆவணியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் குடும்பம். பையன் தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். பெண் பார்க்க வந்தவன் பஜ்ஜியைத் தொடவில்லை. மேசைமேல் கிடந்த புத்தகத்தைக் காட்டி, இதைப் படிப்பது யார் என்று கேட்டான். என் பெண் பதில் சொல்லப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். முந்தைய ஏழு வீட்டாரிடமும் அவள் பேசியதைக் கூட்டினாலும் ஒரு நிமிடம் தேறாது.

பையனின் தந்தை நேராகப் பேசுகிறவர். கார்த்திகைக்குள் தட்டு மாற்றினால் தையில் கல்யாணத்தை வைக்கலாம், மார்கழியில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். தள்ளிப்போனால் ஆரணியில் அரிசி ஆலை வைத்திருப்பவரின் பெண்ணைப் பார்க்கச் சொல்லித் தன் தம்பி நெருக்குகிறார் என்பதையும் மறைக்கவில்லை. தீபம் கழிந்து மூன்றாம் நாள் தட்டு மாற்றுவது என்று முடிவாயிற்று. தீபம் பார்க்க ஆசைப்பட்ட தன் மனைவியை இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். முப்பது பேரில் அந்த அம்மாவும் ஒருவர். குளியலறை அட்டவணையை மதித்து நடந்தவர் அவர் மட்டுமே.

நாலரை மணிக்கு வாசிக்க ஆரம்பித்தேன். மின்சாரம் நின்றது தொண்ணூற்றேழு முறை. அதில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும் நாற்பத்தொன்று. கிணற்றில் வாளி விழுந்தது ஒன்பது முறை, வெளியே வந்தது எட்டு முறை. குரங்குகள் கொண்டுபோனது ஒரு முறம் வடாம், ஒரு மூக்குக்கண்ணாடி. கண்ணாடி என்னுடையது. செங்கம் சாலை ஆசிரமத்துக்கு எங்கள் தெருவில் வழி கேட்ட வெள்ளைக்காரர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களில் எங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டதால் பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். எதிர்வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆறு பேர்தான் என்று வாதாடினார். 'அப்பவே சொன்னேன்ல' என்று என் மனைவி சொன்னது இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. உண்மையிலேயே அப்போது சொல்லியிருந்தாளா என்று ஒவ்வொன்றையும் விசாரித்ததில், இருநூற்றுப் பன்னிரண்டு தடவையும் சொல்லியிருந்தாள்.

மாடி குலுங்கியது. சம்பந்தியாகப் போகிற அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பு கொடுத்துவிட்டது. மகிழ்ச்சியான விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்த அம்மாவைப் பார்த்தே வாசித்தேன். மலை சுற்றியது பதினொரு பௌர்ணமி. திதி நாளை மதியம் பன்னிரண்டு இருபது வரை இருப்பதால் நாளை விடிகாலை பன்னிரண்டாவது சுற்று. அத்தோடு வேண்டுதல் பூர்த்தி. மூன்றாம் நாள் நிச்சயம்.

எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். என் மனைவியின் அக்கா மட்டும் ஆட்டவில்லை. அவள் போளூரில் இருப்பவள். எங்கள் வீட்டில் ஒரு தேவை என்றால் முதல் பேருந்தில் வந்துவிடுவாள்.

"ஆனியிலயும் போனாளா?" என்றாள்.

போனாள் என்றேன். சந்தேகப்படுகிறவர்களுக்காகத் தாள்களைக் கையோடு வைத்திருந்தேன். ஆனித் தாளை எடுத்துப் படித்தேன். ஏழாவது சுற்று, முள் இரண்டு.

"ஆனி பௌர்ணமிக்கு நான் இங்கதானே இருந்தேன், மாப்ள. மூணு நாளும் நான்தானே சமைச்சேன்?"

"அதுவும் இருக்கு" என்று அடுத்த தாளை எடுத்தேன். "ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு எழுதியிருக்கேன்."

ஆண்கள் சிரித்தார்கள். ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மூத்த பெண் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. எனக்கோ இன்னும் விளங்கவில்லை. சமைத்ததற்கும் சுற்றுக்கும் என்ன சம்பந்தம், ஏழாவது சுற்றில் பாதையோர வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் எனக்குக் கால் மரத்துப்போனதுகூட நினைவிருக்கிறதே என்று விளக்கிக்கொண்டே போனேன். முள் இரண்டும் யார் காலில் ஏறின என்று யோசித்தபோதுதான் வாய் நின்றது. இரண்டும் என் காலில்தான் ஏறின. அன்று என்னோடு வந்தவர் எதிர்வீட்டுக்காரர். பெண்கள் கோயிலுக்கும் மலைக்கும் போகாமல் ஒதுங்கியிருக்கும் மூன்று நாள் அது. அக்கா வந்து சமைத்ததன் காரணமும் அதுவே. நான் எண்ணியது என் சுற்றுகளை. வேண்டிக்கொண்டவளோ என் மனைவி.

தாளை மடக்கினேன். முப்பது பேருக்கு முன்னால் இதற்குமேல் எதையும் விளக்குவதற்கில்லை. அந்த நேரத்தில் கோயில் பக்கம் அதிர்வேட்டு கேட்டது. எல்லாரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்கள். மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊர் முழுக்க அரோகரா என்று ஒரே குரலாக எழுந்தது. ஏறிய நேரத்தை ஆண்டுதோறும் கடிகாரம் பார்த்துக் குறிப்பவன் நான். அன்று என் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகூப்பி நின்றவளின் கன்னம் நனைந்திருந்தது.

விளக்கேற்றிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். மூத்த பெண் அடுப்பில் அடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆனியில நான் வரலன்னு உங்ககிட்ட சொன்னேனே" என்றாள் என் மனைவி. குரலில் கோபமில்லை. "நீங்க கழிச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன். கழிச்சும் கார்த்திகையில பன்னண்டு வருதுன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நாளை ஒரே திதிக்குள் இரண்டு முறை சுற்றிவிட முடியுமா என்று கேட்டேன். இருபத்தெட்டு கிலோமீட்டர், இடையில் ஓய்வில்லாமல் போனால் என்று ஏதோ சொன்னேன்.

"ஒரு பௌர்ணமி ரெண்டாகுமா? நீங்களே சொல்லுங்க."

ஆகாது. வேறு யார் கேட்டிருந்தாலும் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"கொறையோட தட்டு வாங்கமாட்டேங்க. மார்கழி பௌர்ணமியும் போயிட்டு வந்துடறேன். தைக்கு வெச்சுக்கலாம்னு அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

தைக்கு என்றால், வாத்தியாருக்குப் பரீட்சையெல்லாம் முடிந்து கல்யாணம் வைகாசிக்குப் போகும். அதற்குள் ஆரணி அரிசி ஆலை என்ன செய்யும் என்று மூன்று பேருக்குமே தெரியும். என் பெண் அடையைத் திருப்பவில்லை. அது கருகும் வாசனை வந்த பிறகுதான் கரண்டியை எடுத்தாள்.

பொரித் தட்டோடு சம்பந்தியம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கருகிய அடையைக் கல்லிலிருந்து எடுத்துப் போட்டார். அடுப்பைத் தணித்தார். பிறகுதான் பேசினார்.

"ஆனி பௌர்ணமிக்கு நான் சுத்தினேன், சம்மந்தி."

தட்டு மாற்றுமுன்பே அவர் அப்படி அழைத்துவிட்டார், அதுதான் முதல் தடவை. அதுவரை 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டார்.

"எம் பையனுக்கு நல்ல பொண்ணா அமையணும்னு கேட்டுக்கினே சுத்தினேன். அந்தச் சுத்த உங்க கணக்குல சேத்துக்குங்க."

"அது உங்களுதாச்சே" என்றாள் என் மனைவி.

"நீங்க கேட்ட கல்யாணமும் நான் கேட்ட கல்யாணமும் ஒண்ணுதானே? உங்க பொண்ணு பேரு மட்டும் அப்ப எனக்குத் தெரியாது." என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கிறீங்களா?"

என் சுபாவம் என்னை விடவில்லை. செருப்போடு சுற்றினீர்களா, இல்லாமலா என்று கேட்டுவிட்டேன். என் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"வெறுங்கால்தாங்க. நாங்க கழனிக்குப் போறப்பவே செருப்பு போட்டதில்ல."

என் மனைவி சிரித்துவிட்டாள். மாடியில் நான் அவ்வளவு வாசித்தும் வராத சிரிப்பு அது. ஆனாலும் சும்மா வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கடைசிச் சுற்றுக்கு அவரும் தன்னோடு வர வேண்டும், சேர்ந்து முடித்தால்தான் தனக்கு நிறைவு என்றாள். அந்த அம்மா உடனே சரி என்றார். என் பெண் அடுத்த அடையை ஊற்றினாள்.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பெண்கள் இருவரும் முன்னால், நான் பத்தடி பின்னால். திதி முடிய ஏழு மணி இருபது நிமிடம் இருந்தது. நிதானமாக நடந்தாலும் நான்கு மணி நேரத்தில் முடியும். நான் கணக்கில் சேர்க்காதது, சம்பந்திகள் இருவர் முதல்முறை தனியாகப் பேசக் கிடைத்த நேரம் அது என்பதை. பையனுக்கு எட்டு வயதில் வந்த அம்மையிலிருந்து ஆரம்பித்தார்கள். எதிரில் யாராவது வந்தால் நின்றார்கள். சாமி கும்பிடும் இடத்திலெல்லாம் உட்கார்ந்தார்கள். மலைக்குப் பின்பக்கத்து ஊரான அடி அண்ணாமலை வந்தபோது மணி எட்டே முக்கால். அங்கே டீ குடித்தார்கள். நான் குடிக்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் சாலையோரம் நெல் வயல். அந்த அம்மாவால் அதைச் சும்மா கடக்க முடியவில்லை. கதிரில் பால் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, யாருடையது என்றே தெரியாத வயலின் வரப்பில் இறங்கினார். ஒரு கதிரைப் பிடித்து நசுக்கிப் பார்த்து, தண்ணீர் கம்மி என்று குறை சொன்னார். திரும்பும்போது வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. கண்ணெதிரே வீங்கியது. பின்னால் வந்த மாட்டு வண்டியை நிறுத்தினேன். வண்டிக்காரர் வைக்கோலை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். அந்த அம்மா ஏற மறுத்துவிட்டார்.

"வண்டியில ஏறினா உங்க வீட்டுக்காரரு இதையும் கழிச்சிடுவாரு" என்று என் மனைவியிடம் சொன்னார்.

கழிக்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்தும் பயனில்லை. மீதி ஐந்தரைக் கிலோமீட்டரையும் என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் அழுத்தி அழுத்தி நடந்தார். என் மேல்துண்டைக் கிழித்துக் காலில் கட்டினோம். ஒவ்வொரு லிங்கத்திலும் நான் மணியைச் சொன்னேன். குபேர லிங்கத்தில் பத்து ஐம்பது. அங்கே என் மனைவி கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கடைசி ஒரு மணி நேரத்தை நான் வெயிலைப் பார்த்தே பதறிப் பதறிக் கழித்தேன். ராஜகோபுரத்தின் முன்னால் இருவரும் கற்பூரம் கொளுத்தியபோது அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பன்னிரண்டு ஆக ஏழு நிமிடம் இருந்தது.

கால் கொழுக்கட்டைபோல் வீங்கியிருந்ததால் அந்த அம்மாவைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்ப முடியவில்லை. என் மனைவியின் அக்கா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த அம்மா எங்கள் நிச்சய வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். வெற்றிலையைத் துடைத்து அடுக்கினார். எங்கள் பெண்ணுக்கு எந்தச் சேலை எடுப்பாக இருக்கும் என்று பார்த்துச் சொன்னார். பையன் வீட்டார் காபிக்கு எவ்வளவு சர்க்கரை போடுவார்கள், அவர்களில் யார் லட்டை மடியில் கட்டுவார், யாரைப் பந்தியில் முதலில் உட்கார வைக்காவிட்டால் முகம் கோணும் என்று அவர்கள் வீட்டு ரகசியங்களை எல்லாம் எங்களுக்குச் சொன்னார். இரண்டாம் நாளே, எங்கள் வீட்டில் இருப்பவர்களின் கணக்கில் அவரைச் சேர்த்துத்தான் அரிசி களைந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை வேனில் பையன் வீட்டார் வந்து இறங்கினார்கள். பத்தொன்பது பேர் என்று சொல்லியிருந்தார்கள், பதினெட்டுத்தான் எண்ண முடிந்தது. ஒன்று குறைகிறதே என்று நான் வேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் எங்கள் வீட்டுப் பெண்கள் வரிசையில், என் மனைவிக்குப் பக்கத்தில், ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் பன்னீர்ச்செம்புமாக அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். வந்தவர்கள்மேல் ஒருவர் விடாமல் தெளித்தார். தன் கணவர் மேலும் தெளித்தார்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னா இந்தப் பக்கம் நிக்கிற?"

"வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? உள்ள வந்து உக்காருங்க, காபி எடுத்தாரச் சொல்றேன்" என்றார் அந்த அம்மா.

பின்னால் நின்ற பையன் சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலுக்கு உள்ளே என் பெண் அடக்கவில்லை. பையனின் தந்தை செருப்பைக் கழற்றினார். பிறகு, பெண் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்போலச் சற்றுக் கூச்சத்துடன் உள்ளே போய், ஜமுக்காளத்தின் ஓரமாக உட்கார்ந்தார்.